அறைக்கு வெளியே அக்கா

மார்ச் 3, செவ்வாய்

சின்னவள் இன்றைக்கும் ஈரத் தலையோடு வந்து கூடம் முழுக்கச் சொட்டவிட்டாள். திட்டிக்கொண்டே துடைத்தேன். தங்கைக்கு நாற்பத்தொரு வயதாகிறது, தலை துவட்ட இன்னும் நான் துண்டை நீட்ட வேண்டியிருக்கிறது. அம்மா போனபோது அவளுக்கு ஆறு, எனக்குப் பத்தொன்பது. அன்றைக்கு நீட்டிய கையை நான் இன்னும் மடக்கவே இல்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, உங்க அறக்கட்டளைக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கேன்."

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஊரில் வேறு அறக்கட்டளையே இல்லையா?

இல்லைதான். உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கிற இடம் எங்களுடையது ஒன்றுதான். அவளும் என்ன செய்வாள்? கப்பலில் அதிகாரியாக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, துறைமுகத்துப் பழைய கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டச் சொல்லித்தருகிறாள், காசு வாங்காமல். வாசலில் "கடல் பள்ளி" என்று பலகை. அவளுடைய மீட்புப் படகின் என்ஜின் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருமிக்கொண்டிருக்கிறது. மீட்புப் படகு பக்கத்தில் இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது துறைமுகத்தின் கட்டளை. என்ஜின் நின்றால் பள்ளி நின்ற மாதிரிதான்.

"இனிமே இந்த வீட்டுல அதைப் பத்திப் பேச்சே கூடாது. முடிவு வர்ற வரைக்கும்" என்றேன்.

"அப்ப எதைப் பேசுறது? எனக்கு வேற என்ன தெரியும்?" என்று சிரித்தாள்.

மார்ச் 5, வியாழன்

எங்கள் அறக்கட்டளைக் குழுவின் தலைவர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன், விண்ணப்பித்திருப்பவள் என் உடன்பிறந்தவள் என்று. தலையாட்டினார். விதி அவருக்குத் தெரியும். அதை எழுதியதே நான்தான். உறவு இருந்தால் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, குழு அதை எடுக்கும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். முன்பு ஒரு உறுப்பினர் தன் மருமகன் நடத்திய இல்லத்துக்கு வாரி வழங்க வைத்தார். போய்ப் பார்த்தால் இல்லத்தில் பிள்ளைகளே இல்லை. அதற்குப் பிறகு வந்த விதி. நல்ல விதி.

கோப்பு நிதானத்திடம் போயிருக்கிறது. அது அவருடைய பெயர் இல்லை. எதைக் கேட்டாலும் "நிதானமா பார்ப்போம்" என்பதால் அலுவலகம் வைத்த பெயர். போன வருஷம் கணக்குப் பிரிவிலிருந்து எங்கள் பக்கம் வந்தவர், விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. நல்ல மனிதர். ஆனால் தண்ணீரைக் குவளையில் மட்டும்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் குழுவின் செயலாளர். என் வேலையில் முக்கால்வாசி, "இல்லை" என்று எழுதுவது. கேட்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கொடுக்க யாராலும் முடியாது, நோகாமல் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பேர் உண்டு. "உங்க கடிதத்தைப் படிச்சப்ப உதவி கிடைச்ச மாதிரியே இருந்துச்சும்மா, கடைசி வரி வரைக்கும்" என்று ஒருவர் போன் செய்து சொன்னார். பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா? இன்னும் விளங்கவில்லை.

மார்ச் 14, சனி

போகக் கூடாது என்று தெரிந்தே கடல் பள்ளிக்குப் போனேன். சின்னவள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடி கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை — இதை எனக்கு நானே பேருந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

இன்று அங்கே கவிழ்ப்பு நாள். அவள் பள்ளியின் வழக்கம் அது. படகைத் தானே கவிழ்த்து, தானே நிமிர்த்தி, மறுபடி ஏறி உட்காராத பிள்ளை பாயைத் தொட முடியாது. தொட்டவர்களும் மாதாமாதம் வந்து கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள். பாய் தண்ணீரில் பட்டென்று விழுகிறது. பிள்ளைகளைக் காணோம். பிறகு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, சிரித்துக்கொண்டும் துப்பிக்கொண்டும். ஒரு பெண் படகின் அடிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். படகு யோசித்து யோசித்து எழுந்தது. அவளைச் சுக்கான் என்று கூப்பிடுகிறார்கள். படகைத் திருப்புகிற சுக்கானை வேறு யாரையும் பிடிக்க விடமாட்டாளாம்.

ஒவ்வொரு முறையும் சின்னவள் வயர்லெஸ்ஸில் துறைமுக அலுவலகத்துக்குச் சொல்கிறாள்: "படகு கவிழ்ந்தது. எல்லாரும் நலம்." எதற்காகக் கவிழ்ந்தாலும் சொல்லியாக வேண்டுமாம். அந்தப் பக்கத்திலிருந்து கொட்டாவியோடு ஒரு குரல் "சரி" என்று குறித்துக்கொள்கிறது.

"எதுக்குடி இந்த வேண்டாத வேலை? கவிழாம ஓட்டக் கத்துக்கொடேன்."

"கவிழாத படகு எங்கேக்கா இருக்கு? கவிழ்ந்தா என்ன செய்யணும்னு இதுங்க கைக்கும் காலுக்கும் தெரியணும். அப்புறம்தான் துறைமுகத்தைத் தாண்டிப் போக விடுவேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தானே.

மார்ச் 26, வியாழன்

இன்றும் படகைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தோம். இந்த மாதம் முழுக்க எதிர்வீட்டுப் பூனையைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டோம். பாவம், அதற்குப் புரையேறியிருக்கும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மத்தியானம் நிதானம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். துறைமுக ஆபீஸ்ல விசாரிச்சேன். கடல் பள்ளிப் படகுங்க போன வருஷம் மட்டும் இருநூறு தடவைக்கு மேல கவிழ்ந்திருக்காம். இது... இப்படித்தான் இருக்குமா?"

"அந்தக் கோப்பைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

"இல்ல மேடம், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு—"

"தெரிஞ்சுக்கவும் கேக்காதீங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காது சிவந்து போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு என் மேலேயே மரியாதை கூடிவிட்டது. பேருந்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன். அவர் அவளையே கேட்டுத் தெரிந்துகொள்வார். அது அவர் வேலை, என் வேலை இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

குழுக் கூட்டம். அவள் முறை வந்ததும் எழுந்து வெளியே வந்து, நடைபாதையில் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதற்குள் தலைவர் அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. அது இடதும் வலதுமாக ஆடியது.

குளிரில் ஆட்டியிருக்கலாம். அந்த அறையில் குளிர்சாதனம் எப்போதும் அதிகம்.

ஏப்ரல் 10, வெள்ளி

நிதானம் என்னைப் பார்க்காமல் போகிறார். நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

ஏப்ரல் 18, சனி

வந்துவிட்டது.

அடுப்படியில் நின்றபடியே கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "உங்கள் உழைப்பின் மீது எங்களுக்குள்ள மதிப்பு இந்த முடிவால் எள்ளளவும் குறையவில்லை." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "இது நீ எழுதுனதுதானே?"

என் வாக்கியம்தான். பல வருஷமாக நான் எழுதி எழுதித் தேய்த்த வாக்கியம். நிதானம் என் பழைய கடிதங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். வேறு எப்படி எழுதுவார்? அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொன்னேன். நம்பினாள். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. "தொடர்ந்து நிகழ்ந்துவரும் விபத்துகளைக் கருத்தில் கொண்டு..."

"விபத்தா? என்ன விபத்து? ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "தெரியாதவங்க தெரியாம சொன்னா விட்டுடலாம். நீ நேர்ல பார்த்தேக்கா. பார்த்துட்டு, கேட்டவருக்கு ஒரு வார்த்தை சொல்லல." அவ்வளவுதான். மாற்றுத் துணி கொஞ்சம் பையில் எடுத்துக்கொண்டாள். கொட்டகையில் படுத்துக்கொள்கிறாளாம்.

நான் என்ன செய்திருக்கணும்? விதின்னா விதிதானே? அதை மீறிட்டு மத்தவங்களை எப்படிக் கேப்பேன்? சொல்லேன், எப்படிக் கேப்பேன்?

யாரிடம் கேட்கிறேன். வீட்டில் யாரும் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

நிதானத்தை நிறுத்திக் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், கேட்டேன். "அவளையே ஏன் விசாரிக்கல நீங்க?"

தயங்கினார். "விசாரிக்கலாம்னுதான் இருந்தேன் மேடம். ஆனா நீங்க அன்னிக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க இல்லையா? சொந்த அக்காவே வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க, அப்ப விஷயம் பெருசுதான்னு நெனச்சுட்டேன். மேல கிளறி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன்."

என் மௌனத்தை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

என்ஜின் நின்றுவிட்டது. துறைமுகத்தின் நடுவிலேயே நின்றுபோன மீட்புப் படகைப் பாய்ப்படகு ஒன்று இழுத்து வந்ததாம். மீட்கப் போனதை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார், அவர் மகன் அங்கே படிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கொட்டகை வரைக்கும் நடந்தேன். உள்ளே போகத் தைரியம் இல்லை, கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். படகுகள் எல்லாம் கரையில் தள்ளுவண்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. சின்னவள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்குத்தான் முடிச்சே போடுவார்கள்? சுக்கான் மட்டும் வட்டத்தில் இல்லை. தரைமேல் நின்ற படகில் ஏறி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, நேராகத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தங்கை மெலிந்துவிட்டாள். சாப்பிடுகிறாளா? என்னத்தைச் சாப்பிடுகிறாள் அங்கே?

ஏப்ரல் 25, சனி

முடிவுக்கு எடுத்துக்கொண்ட தகவலில் தவறு இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம், வழி இருக்கிறது. சின்னவளிடம் போனில் சொன்னேன். "தப்பு பண்ணது அவங்க. நான் போய்க் கெஞ்சணுமா?" என்று வைத்துவிட்டாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க ஆள் இல்லை. வளர்த்தவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 27, திங்கள்

தலைவர் அம்மாவின் அறைக்குள் போய் நின்றுகொண்டே பேசினேன்.

"நான் விதியை மீறப் போறேன். மீறினேன்னு குறிப்புல எழுதிக்கோங்க, அப்புறம் கேளுங்க." எல்லாவற்றையும் சொன்னேன். அவை விபத்துகள் இல்லை, வேண்டுமென்றே கவிழ்ப்பது, அதுதான் பாடமே. சரிபார்க்க வந்தவர் என்னைக் கேட்டார், நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன், அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"தங்கச்சிக்காகவா வந்தீங்க?" என்றார்.

"உண்மைக்காக வந்தேன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். தங்கச்சிக்காகத்தான் வந்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னதை நான் எடுத்துக்க முடியாது. உறவுக்காரங்க பேச்சு. உங்க விதிதான்." என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். "ஆனா நானே போய்ப் பார்த்தா, அது நான் பார்த்தது." அப்புறம் இன்னொன்றும் சொன்னார், குரலை உயர்த்தாமல். "நீங்க இனிமே குழுவுல இருக்க முடியாது. அது புரியுதில்ல?"

புரிகிறது என்றேன். அந்த நாற்காலியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'செயலாளர்' என்று சொல்லும்போது குரல் தானாகக் கொஞ்சம் ஏறும். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 4, திங்கள்

நிதானம் தும்மிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை அவரும் தலைவர் அம்மாவும் முன்கூட்டிச் சொல்லாமல் கொட்டகைக்குப் போயிருக்கிறார்கள். தலைவர் அம்மா துறைமுகத்தோடு பேசி ஒரு படகை அன்றைக்கு மட்டும் காவலுக்கு நிறுத்திவைத்தாராம். "விபத்துகளைப் பத்திப் பேசணும்" என்று இவர் ஆரம்பிக்க, என் தங்கை வாயே திறக்காமல் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து இவர் தலைவழியாக மாட்டிவிட்டிருக்கிறாள்.

"உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு தெரியும் மேடம்."

"நான் இப்ப குழுவுல இல்ல. சொல்லுங்க."

"கவிழ்ந்ததும் கத்தினேன் மேடம். மூக்கு வாயெல்லாம் தண்ணி. பக்கத்துல ஒரு பொண்ணு மிதந்துக்கிட்டே சொல்லுது, 'கத்தி முடிச்சுட்டீங்கன்னா அந்தப் பலகையைப் பிடிங்க சார்'னு." மறுபடி தும்மினார். "பிடிச்சேன். நிமிர்ந்துச்சு மேடம். நான்தான் நிமிர்த்தினேன்!"

முகமெல்லாம் பல். கணக்குப் பிரிவிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் இப்படி நிதானம் இழந்து நான் பார்த்ததில்லை.

மே 14, வியாழன்

கூட்டம் நடந்தது. நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். பழைய அறிக்கைகளை அடுக்கும் அறைதான் இனி என் இடம். ஜன்னல் உண்டு. நிதானம் படியிறங்கி வந்து, கதவருகே நின்று, தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். வாயைத் திறக்கவே இல்லை. விதியை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

என்ஜின் வந்துவிடும். அறிக்கைக் கட்டுகள் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரே தூசி. பரவாயில்லை.

மே 16, சனி

கதவைத் தட்டக்கூட இல்லை, திறந்துகொண்டு வந்தாள். பை, ஈரத் துணி, நாலு வாரக் கோபம் எல்லாம் கூடத்தின் நடுவில்.

"யாரு உன்னை நாற்காலியை விடச் சொன்னா? நான் கேட்டேனா?"

"நீ எங்கடி கேட்ட? கேக்கத்தான் மாட்டியே."

"அந்தத் தும்மல்காரர் சொல்றார். ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"போனை வச்சது யாரு?"

மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டோம். எவ்வளவு நன்றாக இருந்தது! சண்டையின் நடுவிலேயே முட்டையை உடைத்து ஊற்றினேன், அவள் தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள், சின்ன வயசில் படுப்பாளே, அப்படி. "நீ அப்படி வாயை மூடிக்கிட்டது வலிச்சுதுக்கா." "தெரியும்டி." "இப்பவும் கொஞ்சம் வலிக்குது." "எனக்கும்." தூங்கிப்போனாள். கால் மரத்துப்போகும் வரை நான் அசையவில்லை.

மே 29, வெள்ளி

புது என்ஜின் பொருத்திவிட்டார்கள். இருமவில்லையாம்.

ஜூன் 6, சனி

உதவி கிடைத்த செய்தி பரவி, கொட்டகை வாசலில் காலையிலிருந்தே புதுப் பிள்ளைகள். படகு நாலுதான். இருக்கிறவர்களுக்கே இடம் போதவில்லை.

"நீ போய்ச் சொல்லிடுக்கா, இடம் இல்லைன்னு" என்றாள் சின்னவள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "எனக்கு வாய் வராது. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

வேலி வரைக்கும் போகும்போதே வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டேன். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறோம், இருந்தாலும். முதலில் நின்றது ஒரு சின்னப் பெண். இன்னும் உள்ளேகூட வரவில்லை, அதற்குள் கழுத்தைச் சுற்றித் துண்டு. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தேன். ஆயிரம் பேருக்கு எழுதிய வார்த்தை, ஒன்றுகூட வரவில்லை.

"நீச்சல் தெரியுமா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாது."

"எனக்கும் தெரியாது. முதல்ல அதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்களாம். வா, போய்ப் பேர் கொடுக்கலாம்."

அவளுக்குப் பின்னால் நின்றவனையும் விட முடியவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் தங்கச்சி நின்றாள், அவளை எப்படி விடுவது?

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து சின்னவள் கத்தினாள். "அக்கா! எத்தனை பேரைச் சேர்த்தே?"

"என்னையும் சேர்த்தா கேக்குற?" என்றேன்.